கொட்டூலா ஆசிரியர்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் மொழிந்தவற்றுள் மறக்கவொண்ணாதவை எவை என்று நம் இளைஞர்களைக் கேட்டால், மூன்று விடைகள் தயங்காமல் வந்து விழும். கெட்டிஸ்பர்க் களத்திலே நின்று மக்களாட்சிக்கு லிங்கன் வகுத்த இலக்கணம். பொருளாதாரம் சரிந்து, நாடே நடுங்கிக் கிடந்த நாளில், அச்சம் ஒன்றைத் தவிர அஞ்சத்தக்கது வேறெதுவும் இல்லை என்று ரூசுவெல்ட் ஊட்டிய உரம். நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேளாதே என்று கென்னடி விடுத்த அறைகூவல். மேடைகளிலே இவை முழங்கக் கேட்டிருக்கிறோம். வாய்ப்பு வந்தபோது நாமும் முழங்கியிருக்கிறோம். ஆனால் நான்காவதாக ஒருவர் பெயரைச் சொன்னால், கேட்போர் புருவம் உயரும். அவர் லிண்டன் பெயின்ஸ் ஜான்சன்.

ஜான்சனா? வியட்நாமிலே நெருப்பு மழை பொழிந்த அந்த ஜான்சனா? அவருக்கும் பொன்மொழியா? – என்று தோழர்கள் சீறக்கூடும். சீறுவதற்குக் காரணம் இருக்கிறது. அதை மூடி மறைத்துவிட்டு மாலை சூட்டும் எண்ணம் நமக்கில்லை. உரிய இடத்தில் பேசத்தான் போகிறோம். முன்னதாக, இந்த மனிதரின் பேச்சுகளை நாம் ஏன் தேடிப் பிடித்துப் படிக்கலானோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் தொழிலால் ஆசிரியர். கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்று, சிற்றூர்ப் பள்ளியொன்றிலே எட்டாம் வகுப்பினரின் எதிரே சுண்ணக்கட்டியுடன் நிற்கத் தொடங்கி நான்காண்டுகள் ஆகின்றன. ஜான்சனும் ஆசிரியராக இருந்தவர். அதுவும் எப்படிப்பட்ட பள்ளியில்!

டெக்சாசு மாநிலத்தின் தென்கோடியிலே, சான் அன்டோனியோ நகரிலிருந்து எல்லையூரான லாரெடோவுக்குச் செல்லும் வழியில் கொட்டூலா என்றோர் ஊர். வறண்ட நிலம், மேய்ச்சற் காடு. 1928ஆம் ஆண்டு அங்கே வந்து இறங்கினார் இருபது வயது இளைஞர் ஜான்சன். சான் மார்க்கோசிலே இருந்த ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். மேற்கொண்டு படிக்கக் கையிலே பொருள் இல்லை. ஓராண்டு படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, ஊதியம் தேடி வந்தார். கிடைத்த இடம் வெல்ஹாசன் பள்ளி. மெக்சிகோ மரபில் வந்த உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட பள்ளி அது. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. ஊருக்கொரு பள்ளி, சேரிக்கொரு பள்ளி என்னும் ஏற்பாட்டைப் பற்றி நமக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை!

அந்தப் பள்ளியிலே அவர் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். விளையாடப் பந்துகூட இல்லாத பிள்ளைகளுக்குத் தம் முதல் ஊதியத்திலிருந்து விளையாட்டுக் கருவிகள் வாங்கித் தந்தார். பேச்சுப் போட்டி வைத்தார். மற்ற ஊர்ப் பள்ளிகளோடு ஆட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் பணியாளருக்குத் தம் பணத்தில் பாடநூல் வாங்கிக் கொடுத்து, பள்ளி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் படிக்கட்டில் உட்காரவைத்து ஆங்கிலம் கற்பித்தார்.

ஆனால், அதே ஆசிரியர், பள்ளி வளாகத்துக்குள் பிள்ளைகள் தம் தாய்மொழியான ஸ்பானிய மொழியைப் பேசக்கூடாது என்று கட்டளையிட்டார். பேசிய சிறுவர்கள் அடிபட்டனர்; சிறுமியர் வசைபட்டனர். ஆங்கிலம் வராவிட்டால் இந்நாட்டில் இவர்களுக்கு வாழ்வில்லை என்ற அக்கறையில் அவ்வாறு செய்தார் என்பர். அக்கறை இருக்கலாம். ஆயினும், தாய்மொழியைப் பேசியதற்காகப் பிள்ளை ஒன்று அடிபடுவதை, மொழி என்றால் என்னவென்று உணர்ந்த நம்மால் அக்கறை என்ற பெயரில் விழுங்கிவிட முடியாது. அவர் வாழ்விலே நமக்கு வியப்பூட்டும் செய்தியொன்று இங்கே இருக்கிறது. சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1968 சனவரி 2ஆம் நாள், ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கு அவரவர் மொழியின் துணைகொண்டு கற்பிக்க நடுவணரசு பொருளுதவி செய்யும் இருமொழிக் கல்விச் சட்டத்திலே கையொப்பமிட்டவரும் இவரே. அடித்த கை கையொப்பமிட்டது! மனம் மாறி இட்டாரா, மன்றத்தார் கொணர்ந்ததால் இட்டாரா என்று நாம் ஆராயப் புகவில்லை. பிள்ளைகளுக்குப் பயன் விளைந்தது.

கொட்டூலாவை விட்டு அவர் வெளியேறினார், பட்டம் பெற்றார், அரசியலில் புகுந்தார். 1937இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்; 1949 முதல் செனட் உறுப்பினர்; பிறகு அச்சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர்; 1961இல் துணைக் குடியரசுத் தலைவர். ஏணியில் ஏறிய அந்த ஆண்டுகளிலே அந்தப் பிள்ளைகளை நினைத்தாரா? நினைத்ததற்கான அடையாளம் குறைவு. 1957 வரையிலே, கறுப்பின மக்களுக்கு உரிமை தரும் மசோதா எது வந்தாலும் எதிர்த்து வாக்களித்த தென்னாட்டு வெள்ளையர் கூட்டத்தோடு கை உயர்த்தியவர் இவர். 1948இல், ட்ரூமன் கொணர்ந்த குடியுரிமைத் திட்டத்தைக் கேலிக்கூத்து என்றும், காவல்துறை ஆட்சிக்கு வழி என்றும் மேடையிலே தாக்கினார். தனிப்பேச்சில் கறுப்பின மக்களை இழிசொல்லால் குறிப்பிடும் வழக்கமும் அவருக்கு இருந்தது. இவற்றையும் பொன்மொழிகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திடல் வேண்டும். தலைவர் படத்துக்குக் கற்பூரம் காட்டும் பழக்கத்தை நாம் கோயிலோடு விட்டுவந்தவர்களல்லவா!

மாற்றம் எங்கே தெரிகிறது? 1963 மே 30ஆம் நாள், துணைத் தலைவராகக் கெட்டிஸ்பர்க் சென்றார். லிங்கன் பேசி நூறாண்டு ஆகும் தறுவாய். போரில் மாண்டவர் துயிலும் மண். அங்கே அவர் சொன்னதன் பொருள் இது: நீக்ரோ இன்று நீதி கேட்கிறார், அவருக்குப் ‘பொறுமை’ என்று நாம் விடை கூறினால், அது அவருக்கும் விடையாகாது, இம்மண்ணின்கீழ்க் கிடப்போர்க்கும் விடையாகாது. அந்நாளில் அவ்வினத்தாரைக் குறிக்க வழங்கிய சொல்லை அவரும் வழங்கினார். அதை அவ்வாறே தந்திருக்கிறோம்.

பொறுமை! உரிமை கேட்டவன் செவியிலே ஊதப்படும் பழைய ஊதல் அல்லவா அது! காலம் கனியட்டும், மனம் மாறட்டும், படிப்படியாக வரட்டும் என்று சொன்ன உபதேசிகளை எல்லா நாடுகளும் கண்டிருக்கின்றன. அவ்வூதலைக் காலமெல்லாம் ஊதிய கூட்டத்திலிருந்தே ஒருவர் எழுந்து, இது விடையாகாது என்றார்.

அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் கென்னடி சுடப்பட்டு மாண்டார். ஐந்து நாள் கழித்துக் காங்கிரசு மன்றத்தின் எதிரே நின்ற ஜான்சன், சம உரிமை பற்றி இந்த நாட்டில் போதுமான அளவு பேசியாயிற்று. நூறாண்டுகளாக, அதற்கு மேலும் பேசியாயிற்று. இனி அடுத்த அத்தியாயத்தை எழுதவேண்டும், அதையும் சட்டப் புத்தகங்களிலே எழுதவேண்டும் என்றார். பேசியது போதும் என்று பேசிய பேச்சு! 1964 சூலை 2ஆம் நாள் குடியுரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. உணவு விடுதியிலே, தங்கும் விடுதியிலே, திரையரங்கிலே நிறம் பார்த்து விரட்டுவது குற்றமாயிற்று. முன்பு எந்தத் தென்னாட்டுக் கூட்டத்திலே இருந்தாரோ, அந்தக் கூட்டத்தார் செனட் சபையிலே இரு திங்களுக்கு மேலாகப் பேசிப் பேசியே மசோதாவைக் கொல்ல முனைந்ததை அவர் முறியடித்தார். அவர்களுடைய சூழ்ச்சிகளை அவரைவிட அறிந்தவர் யார்? கற்றதே அவர்களிடம்தானே!

விடுதிக் கதவு திறந்தது. வாக்குச்சாவடிக் கதவு திறக்கவில்லை. அலபாமா மாநிலம் செல்மா நகரிலே, வாக்காளராகத் தகுதி பெற்ற கறுப்பின மக்களுள் பட்டியலிலே இடம் பெற்றவர் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்தனர். பெயர் பதியச் சென்றால் தேர்வு வைத்தனர். என்ன தேர்வு? அதை ஜான்சனே பின்னர் எடுத்துரைத்தார்: விண்ணப்பத்தில் நடுப்பெயரை முழுமையாக எழுதாவிட்டால் தள்ளுபடி; ஒரு சொல்லைச் சுருக்கி எழுதினால் தள்ளுபடி; அரசியற் சட்டம் முழுவதையும் ஒப்புவி என்று கேட்கலாம்; தேறினாரா என்று முடிவு செய்பவர் பதிவு அலுவலர் ஒருவரே; கல்லூரிப் பட்டம் வைத்திருந்தாலும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. இந்தத் தடைகளைத் தாண்ட ஒரே வழி வெள்ளைத் தோலைக் காட்டுவதுதான் என்று முடித்தார். தேர்வுத்தாள் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட நாம் இதைப் படித்தபோது சிரித்துவிட்டோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வினாத்தாளை வைத்து ஓர் இனத்தையே வெளியே நிறுத்தலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

1965 பிப்ரவரியில், ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் கறுப்பின இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். அவர் எட்டாம் நாள் மாண்டார். மார்ச்சு 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 600 பேர் செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் நோக்கி நடந்தனர். அடிமை முறைக்காகப் போரிட்ட படைத்தலைவர் எட்மண்ட் பெட்டஸ் பெயர் தாங்கிய பாலத்தைக் கடந்ததும், தடியும் கண்ணீர்ப்புகையும் குதிரைப்படையும் அவர்கள்மேல் பாய்ந்தன. முன்னணியில் நடந்த இளைஞர் ஜான் லூயிசின் மண்டை பிளந்தது. தொலைக்காட்சியிலே நாடு அதைக் கண்டது. இரண்டு நாள் கழித்து, ஆதரவு தர வந்திருந்த ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளைப் பாதிரியார் தெருவிலே தாக்கப்பட்டு, 11ஆம் நாள் இறந்தார்.

மார்ச்சு 15ஆம் நாள் இரவு, காங்கிரசின் இரு அவைகளும் கூடியிருக்க, ஜான்சன் பேச எழுந்தார். மனிதனின் மாண்புக்காகவும் மக்களாட்சியின் வருங்காலத்துக்காகவும் இன்றிரவு பேசுகிறேன் என்று தொடங்கினார். விடுதலைப் போரின் முதற் களங்களான லெக்சிங்டன், கன்கார்டு ஆகியவற்றோடும், உள்நாட்டுப் போர் முடிந்த அப்போமேட்டாக்சோடும் செல்மாவை ஒரே வரிசையில் வைத்தார். எழுதப் படிக்கத் தெரியவில்லை என்று விரட்டப்பட்ட உழவரும் வேலைக்காரப் பெண்டிரும் நடந்த நடையை, நாட்டின் விடுதலைப் போரோடு ஒப்பவைத்தார் நாட்டின் தலைவர்! நீக்ரோச் சிக்கல் என்று ஒன்றில்லை, தென்னாட்டுச் சிக்கல் என்று ஒன்றில்லை, வடநாட்டுச் சிக்கல் என்று ஒன்றில்லை, இருப்பது அமெரிக்கச் சிக்கல் மட்டுமே என்றார். பின்னர், தடியடி பட்டோர் பாடிக்கொண்டே நடந்த அந்தப் பாட்டின் பல்லவியைத் தம் வாயாலேயே உச்சரித்தார். அவையிலே ஒரு கணம் அமைதி, பிறகு ஆரவாரம். செல்மாவிலே ஒரு வீட்டில் அமர்ந்து இதைக் கண்டுகொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை உடனிருந்த ஜான் லூயிஸ் கண்டார்.

பேச்சின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது, தலைவர் மறைந்தார், ஆசிரியர் தோன்றினார். கல்லூரிக்குப் பின் எனக்குக் கிடைத்த முதல் வேலை கொட்டூலாவிலே ஒரு சிறு மெக்சிகப் பள்ளியில் ஆசிரியர் வேலை என்றார். (கல்லூரிக்குப் பின் அன்று, நடுவிலே; கைப்பொருள் இல்லாமையால். அது கிடக்கட்டும்.) அந்தப் பிள்ளைகளுள் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் சிலரே, எனக்கோ ஸ்பானியம் அதிகம் தெரியாது. அவர்கள் ஏழைகள், காலை உணவில்லாமல், பசியோடு வகுப்புக்கு வருவார்கள். இளமையிலேயே வெறுப்பின் வலியை அறிந்திருந்தார்கள். மற்றவர்கள் தங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் வெறுக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அதை அவர்கள் கண்களில் கண்டேன். வகுப்பு முடிந்து மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது, இன்னும் ஏதேனும் செய்ய முடிந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்குவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்த சிறிதளவைக் கற்றுக்கொடுப்பது மட்டுமே. 1928இல், 1965இல் இங்கே நிற்பேன் என்று எண்ணியதில்லை. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும், அவர்களைப் போன்றோர்க்கும் உதவும் வாய்ப்பு எனக்குக் கிட்டும் என்று கனவிலும் கண்டதில்லை. இப்போது அந்த வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு ஓர் இரகசியம் சொல்கிறேன்: அதைப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்!

இந்தப் பகுதியை நம் மொழியில் எழுதிக்கொண்டுபோய் எட்டாம் வகுப்பிலே படித்தோம். பசியோடு வருவார்கள் என்ற இடத்தில் பின்வரிசைப் பையன்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். படித்து முடித்ததும், “அந்தப் பிள்ளைங்க எல்லாம் என்ன சார் ஆனாங்க?” என்று முன்வரிசைச் சிறுமி கேட்டாள். தலைவர் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள்! 1966 நவம்பர் 7ஆம் நாள் ஜான்சன் அதே பள்ளிக்குத் திரும்பிவந்தார் என்பதையும், வறுமையைப் பற்றிய முதற்பாடத்தைத் தாம் கற்றது இங்கேதான் என்று அங்கே நின்று சொன்னார் என்பதையும் கூறினோம். அதற்கு முந்திய ஆண்டு, தாம் படித்த சான் மார்க்கோசுக் கல்லூரியிலே உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டபோது, வெல்ஹாசன் பிள்ளைகளுள் ஏறத்தாழ அனைவருக்குமே அன்று கல்லூரிக் கதவு அடைபட்டிருந்ததை அறிந்த வலி இன்னும் இருக்கிறது என்று சொன்னதையும் கூறினோம். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. பெயரேட்டில் அன்று இருந்த ஒவ்வொரு பிள்ளையும் என்ன ஆயிற்று என்றுதானே அவள் கேட்டாள்.

இந்த உரையை எழுதியவர் ஜான்சனா? எழுதியவர் ரிச்சர்டு குட்வின் என்னும் உரையாசிரியர். ஒரே பகலில், மணிக்கணக்குப் பார்த்து எழுதித் தந்தார். அப்படியானால் இது யாருடைய பொன்மொழி? மேடைப் பேச்சையே படைக்கலமாகக் கொண்டு வளர்ந்தோர்க்கு இது வேண்டாத வினா அன்று. சொல்லடுக்கு குட்வினுடையது, பசித்த பிள்ளைகளின் கண்களைக் கண்டது ஜான்சன். இவ்வளவையும்விட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்றுண்டு. செல்மாவின் பாலத்திலே மண்டை உடைந்திராவிட்டால், அந்த உரையை எழுதவும் தேவையிருந்திராது, பேசவும் தேவையிருந்திராது. மார்ச்சு மாதத்திலே அவர் வாயில் வந்த சொல்லுக்கு விலையை முன்கூட்டியே கொடுத்தவர்கள் பெயர் தெரியாத உழவர்கள்.

இன்னொன்று. அந்த உரையிலே, கடவுட்பணி செய்த நல்லவர் ஒருவர் கொல்லப்பட்டார் என்று ரீப் பாதிரியாரின் சாவைக் குறிப்பிட்டார். ஜிம்மி லீ ஜாக்சனின் சாவைக் குறிப்பிடவில்லை. ரீபின் துணைவியாருக்குத் தலைவரின் தொலைபேசி ஒலித்தது. ஜாக்சனின் தாய்க்கு ஒலிக்கவில்லை. இதை அன்றே கறுப்பின இளைஞர்கள் சுட்டிக்காட்டினர். சரியாகவே சுட்டிக்காட்டினர்.

1965 ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. நடுவணரசின் அலுவலர் நேரே சென்று பெயர் பதிந்தனர். மிசிசிப்பி மாநிலத்திலே, 1965இல் நூற்றுக்கு 6.7 என்றிருந்த கறுப்பின வாக்காளர் அளவு, 1967இல் 59.8 ஆயிற்று. இரண்டே ஆண்டு! நூறாண்டு மனமாற்றம் பேசியோர் செய்யாததை ஒரு சட்டமும் அதன்பின்னே நின்ற அதிகாரமும் இரண்டாண்டில் செய்தன. அந்தச் சட்டத்தின் முதுகெலும்பான ஒரு பிரிவை 2013இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் செல்லாதென்று தீர்த்துவிட்டது என்பதையும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அவ்வாண்டில் அவர் ஆற்றிய உரைகளுள் நமக்கு மிகவும் நெருக்கமானது, சூன் 4ஆம் நாள் கறுப்பின மாணவர் பயிலும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றியது. பல ஆண்டுகள் விலங்கு பூட்டி முடக்கி வைத்த ஒருவனை அவிழ்த்துவிட்டு, ஓட்டப் பந்தயக் கோட்டிலே கொண்டுவந்து நிறுத்தி, இனி நீ மற்ற எல்லாரோடும் போட்டியிடலாம் என்று சொல்லிவிட்டு, முழு நேர்மையோடு நடந்துகொண்டோம் என்று நம்ப முடியாது என்றார். ஏட்டளவில் உரிமையாக இருக்கும் சமத்துவம் போதாது. நடப்பிலே, விளைவிலே சமத்துவம் வேண்டும் என்றார். ஆசிரியர் அறையிலே தேநீர்க் குவளையோடு அமர்ந்து, “எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், பிறகென்ன சலுகை?” என்று கேட்கும் நண்பர் நமக்கும் உண்டு, உங்களுக்கும் இருப்பார். அவரிடம் இந்த உரையை நீட்டினோம். படித்தார். “அது அமெரிக்கா” என்றார். குவளையை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

இதே ஆண்டிலே, ஏப்ரல் 11ஆம் நாள், தாம் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளியின் முற்றத்திலே, தமக்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வறுமையிலிருந்து வெளியேறச் செல்லத்தக்க ஒரே கடவுச்சீட்டு கல்வி என்றார். சூலையில் முதியோர்க்கான மருத்துவக் காப்பீடு. அக்டோபரில், இன்ன நாட்டார்க்கு இத்தனை பேர் என்று வகுத்திருந்த குடியேற்றக் கட்டுப்பாட்டை ஒழித்த சட்டம். அதுவரை ஆண்டுக்கு 100 என்பதே இந்தியர்க்கு விதித்திருந்த அளவு! இது புரட்சிகரமான சட்டமன்று, கோடிக்கணக்கானோர் வாழ்வை இது தொடாது என்று அன்று அவர் சொன்னது முற்றும் பொய்த்தது. அவ்வாயில்வழியே சென்றோருள் நம் தமிழ் மருத்துவரும் பொறியாளரும் எத்தனையோ பேர்.

இனி வியட்நாம்.

1964 அக்டோபர் 21ஆம் நாள், தேர்தல் நேரம், ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரம். ஆசியப் பிள்ளைகள் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டியதைச் செய்ய, 9,000, 10,000 கல் தொலைவுக்கு அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்பப் போவதில்லை என்று முழங்கினார். இதுவும் மறக்கவொண்ணாத மொழிதான்! மக்கள் வாக்குகளை அள்ளிக் கொட்டினர். 1965 மார்ச்சு 8ஆம் நாள், 3,500 கடற்படை வீரர் டா நாங் கரையில் இறங்கினர். நாளைக் கவனியுங்கள். செல்மாவிலே இரத்தம் சிந்தியது 7ஆம் நாள்; டா நாங்கிலே படை இறங்கியது 8ஆம் நாள்; மனித மாண்புக்காகப் பேசுகிறேன் என்றது 15ஆம் நாள். 1968இல் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் 5 இலட்சத்துக்கு மேல். போர் முடிவதற்குள் மாண்ட அமெரிக்கர் 58,000க்கு மேல்; மாண்ட வியட்நாமியர் பல இலட்சம். அங்கே எரிந்த குடிசைகளிலும் காலை உணவில்லாத பிள்ளைகள் இருந்தனர். கொட்டூலாவிலே கண்ட கண்களை அங்கே காண முடியாதபடி எது மறைத்தது? தோற்ற தலைவர் என்ற பெயர் வரக்கூடாதென்ற அச்சம் என்பர். பொதுவுடைமை பற்றிய பீதி என்பர். மறைத்தது எதுவாயினும் நம்மால் மன்னிக்க இயலவில்லை.

போர் அவர் பையையும் காலி செய்தது. வறுமையின்மீது நிபந்தனையற்ற போர் தொடுக்கிறேன் என்று 1964 சனவரியில் சாற்றியவர், அந்தப் போருக்கு வைத்த பணத்தை இந்தப் போரிலே கொட்டினார். 1967 ஏப்ரல் 4ஆம் நாள், அதே கிங், நியூயார்க்கிலே ஒரு தேவாலயத்தில் நின்று, ஏழைகளின் நம்பிக்கையைப் போர் விழுங்குகிறது என்று வெளிப்படையாகச் சாடினார். இந்தியாவிலே வறட்சி தாண்டவமாடிய 1966இல், கோதுமைக் கப்பலைத் திங்களுக்குத் திங்கள் இழுத்துப் பிடித்து அனுப்பியவரும் ஜான்சன்தான். 1968 மார்ச்சு 31ஆம் நாள், தொலைக்காட்சியிலே தோன்றி, மீண்டும் குடியரசுத் தலைவராகக் கட்சியின் நியமனத்தைக் கோரமாட்டேன், ஏற்கவும் மாட்டேன் என்று அறிவித்தார். நான்காம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆக, ஒரே வாய். அவ்வாயில் வந்த ஒரு சொல்லால் மிசிசிப்பியிலே கிழவிகள் முதன்முறையாக வாக்களித்தனர். மற்றொரு சொல்லை நம்பியவர்கள் பிள்ளைகளைச் சவப்பெட்டியில் பெற்றுக்கொண்டனர். நல்ல சொல்லைக் காட்டிக் கெட்ட சொல்லை மன்னிப்போரும் உளர். கெட்டதைக் காட்டி நல்லதை எறிந்துவிடுவோரும் உளர். நாம் இரண்டையும் ஒரே ஏட்டிலே எழுதி வைத்திருக்கிறோம். வகுப்பிலே படிக்கும்போது இரண்டையும் படிக்கிறோம்.

அவருடைய கடைசிப் பேச்சு ஒன்று இருக்கிறது. 1972 டிசம்பர் 12ஆம் நாள், ஆஸ்டின் நகரிலே, குடியுரிமை பற்றிய கருத்தரங்கு. இதயம் பழுதுபட்டிருந்தது, மேடையிலே நடுவில் நிறுத்தி, மாத்திரை ஒன்றை வாயிலிட்டுக்கொண்டு தொடர்ந்தார். வெள்ளையர் சமுதாயத்திலே கறுப்பராக இருப்பது சமதரையில் நிற்பதாகாது என்றார். இரு இனத்தாரும் பக்கம் பக்கமாக நிற்கலாம். ஆனால் வெள்ளையர் நிற்பது வரலாற்றின் மலைமீது, கறுப்பர் நிற்பது வரலாற்றின் பள்ளத்தில் என்றார். சமமற்ற வரலாற்றை வெல்லாமல் சமமற்ற வாய்ப்பை வெல்ல முடியாது என்றார். செய்ததைப் பற்றி இரண்டு நாள் பேசிக்கொண்டிராதீர்கள், முன்னேற்றம் மிகமிகச் சிறிது, ஆறாண்டு கையிலிருந்தும் இன்னும் செய்யவில்லையே என்று சற்று நாணுகிறேன் என்றும் சொன்னார்.

கருத்தரங்கிலே இளைஞர் சிலர், நிகழ்ச்சி நிரல் தங்களுக்கு இடந்தரவில்லை என்று எழுந்து கூச்சலிட்டனர். அவர்களைப் பேசவிட்டனர். பிறகு ஜான்சன் தள்ளாடி மீண்டும் மேடையேறி, உங்கள் குறைகளை இப்போதைய தலைவரிடமே கொண்டுசெல்லுங்கள், விடாமல் கேளுங்கள் என்று தாளில்லாமல் பேசினார். எழுதித்தர அன்று எவருமில்லை. நாற்பத்தொன்றாம் நாள், 1973 சனவரி 22ஆம் நாள், தம் பண்ணை வீட்டிலே இறந்தார். வயது 64. வியட்நாம் அமைதி உடன்பாடு பாரிசிலே கையொப்பமானது அதற்கும் ஐந்து நாள் கழித்து.